பெயருக்காகக் காணியை ஈடு வைக்கலாமா?

(வன்னிப் பகுதியில் நடைபெற்ற பெற்றார் கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பிள்ளையை எந்தக் கல்லூரிக்கு, எந்தப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்புவது என்ற கேள்வி இன்று ஒவ்வொரு வீட்டிலும் எழுந்திருக்கின்றது. ஒரு பக்கத்தில் பிள்ளை தன் திறமையால் பெற்ற இடமும் உதவிப்பணமும் இருக்கின்றன. மறு பக்கத்தில் ஊரார் வாய்திறந்து புகழும் பெரிய பெயரும், அதற்குரிய பெருஞ்செலவும் இருக்கின்றன. இவ்விரண்டையும் ஒரே தராசில் வைத்து நிறுத்துப் பார்ப்பதே இன்று என் நோக்கம். இதனை வீட்டு விஷயம் என்று சிலர் ஒதுக்கலாம். ஆனால் ஓர் இனத்தின் காணி யார் கையில் இருக்கும், அதன் அடுத்த தலைமுறை எப்படிக் கல்வி பெறும் என்பவை வீட்டு விஷயங்கள் மட்டுமல்ல. அவை அரசியல் விஷயங்களுமாகும்.

முதலில் உதவிப்பணம் என்பதைப் பற்றிய ஒரு தவறான எண்ணத்தை அகற்றிவிட விரும்புகின்றேன். புலமைப் பரிசில் பெற்றுப் படிப்பது வறியவன் செயல் என்றும், பணங்கட்டிப் படிப்பதே கௌரவம் என்றும் நினைப்போர் நம்மிடையே இன்னும் உளர். இந்நாட்டில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு வழிவகுத்த அன்றைய கல்வி மந்திரி கன்னங்கரா அவர்கள் தாமே அம்பலாங்கொடைப் பாடசாலையிலிருந்து புலமைப் பரிசில் பெற்றுக் காலி றிச்மண்ட் கல்லூரிக்குச் சென்றவர். தமக்குக் கிடைத்த அந்த வாய்ப்பு ஊர்தோறும் உள்ள பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் போராட்டத்தின் கருத்தாக இருந்தது. ஆகவே, திறமைக்குக் கிடைக்கும் உதவிப்பணம் பிச்சையன்று. அது உங்கள் வரிப்பணத்திலிருந்து உங்கள் பிள்ளையின் உழைப்புக்குத் திரும்பிவரும் பங்கு. அதனை ஏற்பதில் எவ்விதத் தாழ்வும் இல்லை. வீணே தள்ளிவிடுவதில்தான் தாழ்வு உண்டு.

இனி, பெயர் என்பதை ஆராய்வோம். ஒரு கல்விநிலையத்தின் பெயர் எங்கிருந்து வருகின்றது? அது கட்டடத்திலிருந்து வருவதன்று, நகரத்திலிருந்து வருவதுமன்று. 1823இல் அமெரிக்க மிஷனரிமார் தங்கள் செமினரியை வட்டுக்கோட்டை என்னும் கிராமத்திலேதான் அமைத்தார்கள். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக வெளிவந்தனர். வயல்வெளிக்கு நடுவே படித்தவர்கள் பெருநகரத்தாருக்கு முன்னே சென்றதற்கு ஊரின் பெயர் காரணமாக இருக்கவில்லை. ஆசிரியரும் நூலகமும் ஒழுங்கும் உழைப்புமே காரணமாயிருந்தன.

இன்னொரு சான்று கூறுகின்றேன். பொறியியல் என்றால் மொறட்டுவை என்று இன்று எல்லோரும் சொல்லுகின்றோம். அந்த மொறட்டுவை 1960இல் கட்டுபெத்தையில் ஒரு தொழினுட்பப் பயிற்சிநிலையமாகவே தொடங்கியது. 1966இல் தொழினுட்பக் கல்லூரியாகவும், 1972இல் பல்கலைக்கழக வளாகமாகவும், 1978இல் தனிப் பல்கலைக்கழகமாகவும் வளர்ந்தது. பேராதனையை எடுத்துக்கொண்டால், 1942இல் கொழும்பில் உருவான இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இலேதான் அவ்விடத்திற்குப் பெயர்ந்தது. இன்று பழம்பெயராக நாம் வணங்குவனவெல்லாம் ஒருகாலத்தில் புதுப்பெயர்களாகவே இருந்தன. அந்தப் புதுப்பெயரை நம்பிச் சென்ற முதல் மாணவர்களே அவற்றைப் பழம்பெயராக்கினார்கள்.

நம்முடைய நிலையங்களின் வரலாறும் அத்தகையதே. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் நிறுவிய பரமேசுவராக் கல்லூரி இருந்த இடத்திலேதான் 1974இல் யாழ்ப்பாண வளாகம் எழுந்தது. பேராசிரியர் கைலாசபதி அதன் முதல் தலைவரானார். 1979இல் அது தனிப் பல்கலைக்கழகமாயிற்று. கிழக்கிலே 1981இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக வந்தாறுமூலையில் நிலைபெற்றது. வவுனியா வளாகம் 2021இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியற் பீடமும் இன்று கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகின்றன. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தமிழ்ப் பல்கலைக்கழகம் வேண்டும் என்று மேடைதோறும் முழங்கிய தலைமுறைக்கு இவை கனவாக இருந்தன. கேட்டுப் பெற்ற பொருளை, கிடைத்தபின் மலிவென்று இகழ்தல் முறையாகுமா?

நமக்கு ஓர் இடம் கிடைப்பது எத்துணை அரிதாயிருந்தது என்பதையும் இளைஞர்கள் மறத்தலாகாது. 1971ஆம் ஆண்டில் மருத்துவ பீட அனுமதிக்குத் தமிழ் மாணவன் 400க்கு 250 புள்ளி பெறவேண்டியிருந்தது. சிங்கள மாணவனுக்கு 229 போதுமாயிருந்தது. தரப்படுத்தல் என்ற பெயரில் நிகழ்ந்த அந்த அநீதி ஒரு தலைமுறையின் உள்ளத்தையே புண்படுத்தியது. அந்த மொழிவாரி முறை பின்னர் நீங்கியது. இன்று பெரும்பாலான பாடநெறிகளில் 40 சதவீத இடங்கள் நாடளாவிய திறமைக்கும், 55 சதவீதம் மாவட்டக் குடித்தொகைக்கும், 5 சதவீதம் கல்வி வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுக்கும் உரியன. முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார், வவுனியா ஆகியவை அவ்வாய்ப்புக் குறைந்த மாவட்டங்களுள் அடங்கும். இம்முறையின் குறைநிறைகளை வேறோர் இடத்தில் விவாதிக்கலாம். இப்பொழுது நான் சொல்ல வருவது வேறு. இவ்வளவு வடிகட்டலையும் தாண்டி உங்கள் பிள்ளைக்கு அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் கிடைத்தால், அங்கே முதற் பட்டப் படிப்புக்குக் கற்பித்தற் கட்டணம் இல்லை. பட்டமும் எல்லா அரச பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே சட்டத்தின்கீழ் வழங்கப்படும் பட்டமே. யாழ்ப்பாணத்தில் படித்த வைத்தியரும் கொழும்பிற் படித்த வைத்தியரும் ஒரே மருத்துவச் சபையிலேதான் பதிவு பெறுகின்றனர். நோயாளி அவரிடம் வைத்தியத்தைத்தான் எதிர்பார்க்கின்றான்.

இப்படியிருக்க, என்ன நடைபெறுகின்றது? பிள்ளைக்குக் கிழக்கிலோ வவுனியாவிலோ கிடைத்த இடத்தை விட்டுவிட்டு, கொழும்பில் ஏதோ ஒரு வெளிநாட்டுப் பெயர் பொறித்த தனியார் நிலையத்தில் சேர்க்கின்றார்கள். அயலவன் மகன் அங்கே சேர்ந்தான் என்பது ஒரு காரணம். கலியாணப் பேச்சில் அந்தப் பெயர் எடுபடும் என்பது இன்னொரு காரணம். பணத்திற்கு வழி? காணி உறுதி நொத்தாரிசிடம் போகின்றது.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்காகவே சொல்லுகின்றேன். ஒருவர் தம் வயலை ஈடு வைத்து இருபது இலட்சம் ரூபா பெறுகின்றார் என்று கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பதினெட்டு. ஆண்டு வட்டி மட்டும் மூன்று இலட்சத்து அறுபதினாயிரம் ரூபா. மாதத்திற்கு முப்பதினாயிரம். நான்கு ஆண்டுகளில் வட்டி பதினான்கு இலட்சத்து நாற்பதினாயிரம். முதலில் ஒரு சதமும் குறைந்திராது. பிள்ளை பட்டம் பெற்று முதற் சம்பளம் எடுக்கும் நாளில், அந்தச் சம்பளத்தில் பெரும்பகுதி வட்டிக்கே போகும். அதுவும் உரிய காலத்தில் உத்தியோகம் கிடைத்தால்! கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பயணம், கணினி, பரீட்சைக் கட்டணம் ஆகியவற்றை இக்கணக்கிற் சேர்க்கவேயில்லை.

உழவனுடைய வருமானம் மாதச் சம்பளம் போன்றதன்று என்பதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காலபோகம் பொய்த்தால் சிறுபோகம் வரை கைமாற்றுத்தான். 2021ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதியை ஒரே நாளில் தடுத்தார்கள். அவ்வாண்டுக் காலபோகத்தில் விளைச்சல் எவ்வாறு விழுந்தது என்பதை நீங்கள் உங்கள் களத்திலேயே கண்டீர்கள். 2022இல் ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த டொலர் சில மாதங்களுக்குள் முந்நூற்றறுபதை எட்டியது. கட்டணத்தை டொலரிலோ பவுணிலோ செலுத்த உடன்பட்டிருந்த பெற்றாரின் சுமை ஓர் இரவில் ஒன்றேமுக்கால் மடங்கு ஆயிற்று. அவர்கள் பிள்ளைகள் செய்த குற்றம் என்ன? குற்றம் எதுவுமில்லை. ஆனால் தம் கைக்குள் அடங்காத நாணயத்தில் நான்காண்டுக் கடமையொன்றை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். செலவைக் கணக்கிடும்போது இன்றைய விலையை மட்டும் பார்த்தாற் போதாது. அது எந்த நாணயத்தில், எத்தனை ஆண்டுக்கு என்பதையும் பார்த்தல் வேண்டும்.

சட்டம் படித்தவன் என்ற முறையில் இங்கே சில எச்சரிக்கைகளைச் சொல்லியே ஆகவேண்டும். நம்முடைய தேசவழமையில் ஒற்றி என்ற முறை உண்டு. வட்டிக்குப் பதிலாகக் கடன் கொடுத்தவன் காணியை ஆண்டு அனுபவிப்பான். காணி உங்களுடையதாகவே இருக்கும். ஆயினும் அதன் விளைவு உங்களுடையதன்று. விளைவை இழந்தவன் எதைக்கொண்டு முதலைத் திருப்புவது? அதனினும் கொடியது மீட்கும் உரிமையோடு எழுதும் அறுதி. அது பார்வைக்கு ஈடுபோலத் தோன்றும். தவணை தப்பினால் காணியே போய்விடும். இத்தகைய உறுதிகளில் அகப்பட்டோருக்கென 1941ஆம் ஆண்டின் கடன் இணக்கச் சட்டம் இருக்கின்றது. காலம் கடக்குமுன் கடன் இணக்கச் சபையை நாடினால் பரிகாரம் தேடலாம். காலம் கடந்தபின் சட்டத்தரணியின் வாசலில் நின்று அழுது பயனில்லை.

இரணைமடுவை நம்பி வாழும் உங்களுட் பலர் கையில் இருப்பவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணிகள். உரிய அதிகாரியின் முன்சம்மதமின்றி அவற்றைக் கைமாற்றினால் அது சட்டத்தின் முன் செல்லாது. அனுமதிப்பத்திரத்தையே இழக்கும் ஆபத்தும் உண்டு. வாய்ப்பேச்சிற் காணியைக் கொடுத்துப் பணம் வாங்குவோர் இதனை நன்றாக மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். அதுபோலவே, மகளுக்குச் சீதனமாக வைத்த காணியை மகனின் கட்டணத்திற்காக ஈடு வைப்போரும் இருக்கின்றனர். ஒரு பிள்ளையின் பெயருக்காக இன்னொரு பிள்ளையின் வாழ்வை அடகு வைக்கும் உரிமையை யார் நமக்குத் தந்தது?

மகள் என்றதும் மற்றொன்றையும் கூறவேண்டியிருக்கின்றது. மகளுக்கு அரச பல்கலைக்கழகத்தில் கட்டணமில்லா இடம் கிடைத்தால், “தூரம், தனியே விட முடியாது” என்று மறுக்கின்றோம். மகனுக்கு இடம் கிடையாவிட்டால், அதே தூரத்திலுள்ள நகரத்தில் பணங்கொடுத்து இடம் வாங்குகின்றோம். திறமையால் வந்ததைத் தள்ளிவிட்டுக் கடனால் வருவதைத் தழுவிக்கொள்ளும் இந்தக் கணக்கு எந்த வாய்ப்பாட்டில் இருக்கின்றது? பாதுகாப்புப் பற்றிய கவலை நியாயமானதே. அதற்கு மாற்று, விடுதியைக் கேட்டறிதலும், ஒரே ஊர்ப் பிள்ளைகளை ஒன்றாக அனுப்புதலும் ஆகும். இடத்தை இழத்தல் மாற்றாகாது.

பெயருக்கு மதிப்பே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. அப்படிச் சொன்னால் அது ஒருதலைப்பட்சமான வழக்காகும். நல்ல பெயருக்குப் பின்னே சில இடங்களில் நல்ல ஆய்வுகூடமும், தேர்ந்த ஆசிரியரும், ஊக்கமுள்ள தோழரும், தொழில் தேடித்தரும் பழைய மாணவரும் இருக்கின்றனர். அவை உண்மையான பொருள்கள். அவற்றுக்கு விலையும் உண்டு. இரண்டு அரச பல்கலைக்கழகங்களுக்கிடையே தெரிவு செய்ய வாய்ப்பிருந்தால், உங்கள் பிள்ளை விரும்பும் துறையில் எது சிறந்ததோ அதற்கே அனுப்புங்கள். அது தெற்கிலிருந்தாலும் அஞ்சாதீர்கள். செலவில் வேறுபாடு பயணமும் தங்குமிடமும் மட்டுமே. பல மொழியாரோடு பழகும் வாய்ப்பும் கல்வியே. வசதியுடையார் தம் கைப்பணத்தைச் செலவிட்டுப் பிள்ளையை விரும்பிய இடத்திற்கு அனுப்புவதையும் நான் குறைகூறேன். கடன்பட்டு வாங்கும் பெயரைப் பற்றியே என் வழக்கு.

அரச இடம் கிடையாதவர்கள் என் செய்வது? நியாயமான கேள்வி. அவர்களுக்கும் வழிகள் உண்டு. திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இயங்குகின்றது. உத்தியோகம் பார்த்துக்கொண்டே படிக்கலாம். உயர் தொழினுட்பவியல் நிறுவகங்கள் உண்டு. கோப்பாயிலும் வவுனியாவிலும் கல்வியியற் கல்லூரிகள் உண்டு. இந்திய அரசாங்கம் இலங்கை மாணவருக்கு வழங்கும் நேரு நினைவுப் புலமைப் பரிசில் போன்றவை உண்டு. அவற்றில் கட்டணமும் வாழ்க்கைச் செலவுக்கான உதவியும் அடங்கும். அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் திட்டமும் இருக்கின்றது. ஆனால் வட்டி இல்லாவிட்டாலும் கடன் கடனே என்பதை மறவாதீர்கள்.

தனியார் நிலையமொன்றைத் தெரிவு செய்வதாயின், கையொப்பமிடுமுன் சில கேள்விகளைக் கேளுங்கள். பட்டம் வழங்க 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்கீழ் இந்நிலையத்திற்கு அங்கீகாரம் உண்டா? வெளிநாட்டுப் பட்டமாயின், அப்பல்கலைக்கழகத்தை நமது மானியங்கள் ஆணைக்குழு ஏற்கின்றதா? தொழிற்றுறைப் படிப்பாயின், அத்தொழிலுக்குரிய சபை அப்பட்டத்தை ஏற்றுப் பதிவு செய்கின்றதா? மொத்தக் கட்டணம் எவ்வளவு? இடையிற் கூட்டும் உரிமை அவர்களுக்கு உண்டா? இடையில் நின்றால் கட்டியதில் எவ்வளவு திரும்பும்? இவற்றுக்கு விடையை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் தர மறுப்பவர்களிடம் பிள்ளையையும் பணத்தையும் ஒப்படைக்கலாமா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

புலமைப் பரிசில் தருகின்றோம் என்று சொல்லப்படும்போதும் இவ்வாறே ஆராய வேண்டும். அது முழுக் கட்டணத்திற்கா, பாதிக்கா? ஓராண்டுக்கா, படிப்பு முடியும்வரைக்குமா? ஒரு பாடத்திற் புள்ளி குறைந்தால் நின்றுவிடுமா? தங்குமிடமும் உணவும் அடங்குமா? முதலாண்டிற் பாதிக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, அடுத்த ஆண்டுகளில் முழுவதையும் வாங்கினால் அது பரிசிலன்று. கடைக்காரன் காட்டும் கழிவு.

உயர்தர வகுப்புக்காகப் பாடசாலை மாற்றும் பெற்றாருக்கும் ஒரு வார்த்தை. பெரிய கல்லூரியின் பெயருக்காகப் பிள்ளையைக் கிளிநொச்சியிலிருந்தோ முல்லைத்தீவிலிருந்தோ வேறு மாவட்டத்திற்கு அனுப்புகின்றீர்கள். பல்கலைக்கழக அனுமதியில் மாணவனின் மாவட்டம் எது என்பது, அவன் எந்த மாவட்டத்துப் பாடசாலையில் எவ்வளவு காலம் கற்றான் என்பதைப் பொறுத்தே தீர்மானிக்கப்படுகின்றது. ஆகவே, மாவட்ட ஒதுக்கீட்டில் அவனுக்கிருந்த வாய்ப்பு அம்மாற்றத்தால் இழக்கப்படக்கூடும். மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் கைந்நூலைப் படித்தபின்னரே விடுகைப் பத்திரத்தில் கைவையுங்கள். அருகிலுள்ள பாடசாலையில் உயிரியலுக்கோ இணைந்த கணிதத்திற்கோ ஆசிரியர் இல்லையென்றால் மாற்றம் நியாயமானது. ஆசிரியர் இருக்கும்போது, பெயருக்காக மட்டும் மாற்றுவது இருக்கின்ற பாடசாலையையும் வெறுமையாக்கும். நல்ல மாணவர் போனால் நல்ல ஆசிரியரும் போவர். பின்பு ஊரில் எஞ்சுவது கட்டடம் மட்டுமே.

இதுவரை பெற்றார் கடமையைச் சொன்னேன். இனி அரசின் கடமையும் நம் சமூகத்தின் கடமையும். 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் உதவிப்பணம் நீண்டகாலம் மாதம் ஐயாயிரம் ரூபா அளவிலேயே நின்றது. 2022 செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது சதவீதத்தை அண்மித்தபோதும் அத்தொகையே. 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்திலேதான் அதனை 7,500 ரூபாவாகவும், ஐந்தாந்தரப் புலமைப் பரிசிலை 750இலிருந்து 1,500 ரூபாவாகவும் உயர்த்தும் முன்மொழிவு வந்தது. வரவேற்கின்றோம். ஆனால் விலைவாசி ஏறும்போது உதவிப்பணமும் தானாகவே ஏறும் ஒழுங்கு வேண்டும். ஒவ்வொரு முறையும் மந்திரி மனமிரங்கும்வரை மாணவன் அரைவயிற்றோடு காத்திருக்க முடியாது. இக்கோரிக்கையை நம் பிரதிநிதிகள் நாடாளுமன்றத்தில் இடைவிடாது எழுப்புதல் வேண்டும்.

சமூகத்தின் கடமை அதனிலும் அண்மையானது. 1923இல் தோன்றிய சைவ வித்தியா விருத்திச் சங்கத்தின் மூலம் அப்புக்காத்து இராசரத்தினம் அவர்கள் கிராமங்கள்தோறும் பாடசாலைகளைத் திறந்தார்கள். பெரிய கல்லூரியைத் தேடிப் பிள்ளை அலையாதபடி, பிள்ளை இருக்கும் இடத்திற்குப் பாடசாலையை அவர் கொண்டுசென்றார். இன்று உள்ளூரிலும் வெளிநாட்டிலுமுள்ள பழைய மாணவர் சங்கங்கள் நுழைவாயிலுக்கும் நூற்றாண்டு மண்டபத்திற்கும் பெருந்தொகை சேர்க்கின்றன. அதில் ஒரு பங்கை, ஒரு வறிய மாணவனின் நான்காண்டு உணவுக்கும் தங்குமிடத்திற்கும் ஒதுக்கினால் என்ன? கற்சுவரில் பெயர் பொறிப்பதைக் காட்டிலும் அது நீடித்த பெயர் அன்றோ?

எனவே மூன்று காரியங்களை இக்கூட்டம் ஏற்றுக்கொள்ள வேண்டுமென முன்மொழிகின்றேன். ஒன்று, ஒவ்வொரு கிராமத்திலும் ஆசிரியரும் வைத்தியரும் எழுதுவினைஞரும் சட்டத்தரணியும் அடங்கிய சிறு குழு அமைந்து, உயர்தர முடிவு வெளியான வாரத்திலேயே பெற்றாரோடு அமர்ந்து கைந்நூலையும் செலவையும் விளக்க வேண்டும். இரண்டு, கல்விக்கென்று காணியை ஈடு வைக்க எண்ணும் எவரும் உறுதியில் கையொப்பமிடுமுன் அக்குழுவின் சட்டத்தரணியிடம் காட்ட வேண்டும். அதற்குக் கட்டணம் வாங்கலாகாது. என் தொழிலாரிடம் நானே இதனைக் கேட்டுப் பெறுவேன். மூன்று, அறுவடைக் காலத்தில் இயன்றதைச் சேர்த்து ஊர்க் கல்வி நிதியொன்றை ஆரம்பித்து, அதன் வரவுசெலவைச் சதக்கணக்கோடு கோயில் வாசலிலும் பாடசாலைச் சுவரிலும் ஆண்டுதோறும் ஒட்ட வேண்டும். கணக்குக் காட்டாத தருமத்திற்கு இரண்டாம் வருடம் யாரும் கொடுக்கமாட்டார்கள்.

பெருமக்களே, பெரிய பெயரைத் தேடி அலைவது குற்றமன்று. ஆனால் உங்கள் பிள்ளை திறமையால் வென்ற இடம் கையில் இருக்கும்போது, காணியைக் கொடுத்துப் பெயரை வாங்காதீர்கள். போரில் இழந்த காணிகளை மீட்க இன்றும் வழக்காடிக் கொண்டிருக்கும் மக்கள் நாம். எஞ்சிய காணியை நாமே எழுதிக்கொடுத்துவிட்டு, பின்பு யாரிடம் போய்க் கேட்பது? காணி கையில் இருக்கட்டும். பிள்ளை கற்கட்டும். அவன் கற்ற இடத்திற்கு அவனே பெயர் தேடித்தருவான்.